நிறுவல் வழிகாட்டி தவறினால், திருத்தத்தை எங்கே வைப்பது?

போஸ்ட்ஃபிக்ஸ் மின்னஞ்சல் சேவையகத்தை நிறுவ யாரோ எழுதிவைத்த வழிகாட்டி ஒன்றை நம்பி, ஒருமுறை முழு மாலையையும் தொலைத்தேன். எந்தெந்தக் களப்பெயர்களுக்கு வரும் அஞ்சலை இந்த இயந்திரமே பெற்றுக்கொள்ள வேண்டும் என்பதை மைடெஸ்டினேஷன் என்ற வரியில் எழுத வேண்டும். வழிகாட்டியை எழுதியவர் அக்கறையானவர். அதே வரியின் கடைசியில் ஒரு ஹேஷ் குறி (#) போட்டு, "மெய்நிகர்க் களமான எக்ஸாம்பிள்.நெட் இங்கே வேண்டாம்" என்று ஒரு குறிப்பும் சேர்த்திருந்தார். மெய்நிகர்க் களம் என்றால், இயந்திரத்தில் கணக்கு இல்லாதவர்களுக்கும் அஞ்சல் பெற, வேறொரு பட்டியலில் எழுதப்படும் களம். நானும் அப்படியே ஒட்டி, களப்பெயரை மட்டும் என்னுடையதாக மாற்றிக்கொண்டேன்.

சேவையகம் முனகாமல் எழுந்து நின்றது. ஆனால் அந்தக் களத்துக்கு வந்த ஒவ்வொரு அஞ்சலும் "உள்ளூர்ப் பயனர் பட்டியலில் அப்படி ஒருவர் இல்லை" என்று திருப்பி அனுப்பப்பட்டது. ஒரே களத்தை மைடெஸ்டினேஷனிலும் மெய்நிகர்க் களப் பட்டியலிலும் எழுதாதே என்று லாக் கோப்பு எச்சரித்தது. இரண்டிலும் எங்கே எழுதினேன்? பட்டியலைப் பத்து முறை பார்த்தேன். அந்தப் பெயர் அங்கே குறிப்பில் மட்டும்தான் இருந்தது. சிக்கலே அதுதான். போஸ்ட்ஃபிக்ஸின் அமைப்புக் கோப்பான மெயின்.சிஎஃப்பில் ஹேஷ் குறி ஒரு வரியின் முதல் எழுத்தாக வந்தால் மட்டுமே அது குறிப்பு. மதிப்புக்குப் பின்னால் வந்தால் அதுவும் மதிப்பின் பகுதி. "வேண்டாம்" என்று எழுதிய வரியே அந்தக் களத்தைப் பட்டியலில் சேர்த்துவிட்டிருந்தது.

போஸ்ட்ஃபிக்ஸின் கையேடு இந்த விதியைத் தெளிவாகவே சொல்கிறது. ஆகவே நிரலில் பிழை இல்லை, அதிகாரபூர்வ ஆவணத்திலும் பிழை இல்லை. ஆனாலும் ஒரு மாலை போய்விட்டது. இப்படி ஒன்றைக் கண்டுபிடித்த பிறகு, திறமூல மென்பொருளைப் பயன்படுத்துகிறவருக்கு ஒரு நியாயமான ஆசை வரும்: அடுத்தவர் இதில் விழாமல் இருக்க ஏதாவது செய்ய வேண்டும். எங்கே செய்வது என்பதுதான் கேள்வி. வழிகாட்டியின் வரியைத் திருத்தலாம். நிரலையே மாற்றி எச்சரிக்க வைக்கலாம். கேள்வி கேட்டுக் கோப்புகளைத் தானே எழுதும் நிறுவல் ஸ்கிரிப்டைச் சரிசெய்யலாம். அல்லது எல்லாவற்றையும் ஒரு கன்டெய்னருக்குள், அதாவது எங்கும் அப்படியே ஓடும் ஒரு பொட்டலத்துக்குள், அடைத்து, நிறுவல் என்ற வேலையையே இல்லாமல் செய்யப் பார்க்கலாம். கையில் இருப்பது ஒரு வாரக் கடைசி என்றால், இந்த நான்கில் எதற்கு அதைக் கொடுப்பது?

நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். தவறைக் கண்டுகொள்ளத் தேவையான தகவல் இயந்திரத்தின் கையில் இருக்கிறதா, மனிதரின் கையில் மட்டும் இருக்கிறதா? இயந்திரத்துக்குத் தெரியக்கூடியதை மனிதர் படித்து நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கும் ஆவணம், நிரலின் வேலையைத் தன் தலையில் சுமக்கிறது.

ஆவணத்தைத் திருத்துவது

விலை மிகக் குறைவு, பலன் மிக விரைவு. ஒரு வரியை மாற்றி அனுப்பினால், ஏற்றுக்கொண்ட சில நிமிடங்களில் படிப்பவர் கண்ணில் பட்டுவிடும். நிரல் தெரியாதவரும் செய்யலாம். சொல்லப்போனால், அன்றுதான் முதன்முறையாக நிறுவித் தடுக்கி விழுந்தவரே இதற்கு மிகவும் தகுதியானவர். பத்தாண்டுகளாகப் பராமரிப்பவரின் கண்ணுக்கு அந்தப் பள்ளம் தெரியாது. அவர் கால் தானாகவே தாண்டிவிடும்.

ஆனால் திருத்தத் தொடங்கும் முன், அந்த ஆவணம் எங்கே பிறக்கிறது என்று பார்க்க வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸில் நாம் உலாவியில் படிக்கும் பக்கங்கள் மூலம் அல்ல. மூலக் கோப்புகளிலிருந்து உருவாக்கப்படுபவை. கட்டளைகளின் கையேட்டுப் பக்கங்கள் சி நிரல் கோப்புகளின் தலைப்பில் உள்ள குறிப்புகளிலிருந்தே எடுக்கப்படுகின்றன. உருவான பக்கத்தைத் திருத்தி அனுப்பினால் அடுத்த வெளியீட்டில் அந்தத் திருத்தம் காணாமல் போகும். வந்து சேர்ந்த அஞ்சலைப் பயனருக்கு எடுத்துத் தரும் டவ்காட் சேவையகத்தின் ஆவணம் நிரலிலிருந்து பிரிந்து தனிக் களஞ்சியத்தில் இருக்கிறது. முழு அஞ்சல் சேவையகத்தையும் கன்டெய்னராகத் தரும் டாக்கர்-மெயில்சர்வர் திட்டத்திலோ ஆவணமும் நிரலும் ஒரே களஞ்சியத்தில் இருக்கின்றன. இது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் ஒரே இடத்தில் இருந்தால், "அமைப்பின் பெயரை மாற்றியிருக்கிறீர்களே, ஆவணத்தில் மாற்றினீர்களா?" என்று சரிபார்ப்பவர் அங்கேயே கேட்க முடியும். பிரிந்திருந்தால் அந்தக் கேள்வியைக் கேட்கவே ஒருவர் நினைவில் வைத்திருக்க வேண்டும். அதே டாக்கர்-மெயில்சர்வர் ஆவணம் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனிப் பதிப்பும், வளர்ந்துகொண்டிருக்கும் நிலைக்கு "எட்ஜ்" என்ற பதிப்பும் வைத்திருக்கிறது. பழைய மென்பொருளை ஓட்டுபவர் புதிய ஆவணத்தைப் படித்துக் குழம்புவதற்கு இதைவிட மலிவான மருந்து எனக்குத் தெரியாது.

ஆவணத்தால் மட்டுமே தீரும் சிக்கல்களும் உண்டு. போர்ட் 465-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். போர்ட் என்பது இயந்திரத்துக்குள் இணைப்பு நுழையும் எண்ணிட்ட வாசல். 1990-களில் அந்த எண் மறையாக்கப்பட்ட அஞ்சலுக்கென்று பதிவாகி, விரைவிலேயே திரும்பப் பெறப்பட்டது. அதன் பிறகு போர்ட் 587-இல் சாதாரணமாகப் பேசத் தொடங்கி, ஸ்டார்ட்டிஎல்எஸ் கட்டளையால் மறையாக்கத்துக்கு மாறுவதே முறை என்று எல்லா வழிகாட்டிகளும் எழுதின. 2018-இல் ஆர்எஃப்சி 8314 என்ற இணைய நெறி ஆவணம் வெளிவந்து, பயனரின் செயலி அஞ்சலை ஒப்படைக்க முதல் பைட்டிலிருந்தே மறையாக்கம் உள்ள 465-ஐப் பரிந்துரைத்தது. "465 காலாவதியானது, பயன்படுத்தாதீர்கள்" என்று எழுதிய வழிகாட்டிகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. இரண்டு போர்ட்டுகளுமே வேலை செய்யும் என்பதால் எந்த நிரலும் இதைப் பிழை என்று சொல்லாது. எது நல்லது என்பது மனிதர்கள் எடுத்த முடிவு. முடிவு மாறினால் எழுத்துதான் மாற வேண்டும்.

இன்னொரு வகையும் இருக்கிறது: பிழைச் செய்தி உண்மையையே சொல்லும், ஆனால் படிப்பவருக்குப் பொய்யாகத் தெரியும். டெபியன் என்ற லினக்ஸ் வழங்கல் நெடுங்காலம் போஸ்ட்ஃபிக்ஸின் பல உறுப்புகளை க்ரூட் என்ற சுவருக்குள், அதாவது தனக்கென்று ஒரு தனி மூல அடைவுக்குள், ஓடவைத்தது. போஸ்ட்ஃபிக்ஸின் சொந்த இயல்புநிலையோ 3.0 பதிப்பிலிருந்து க்ரூட் இல்லாமல் ஓடுவது. கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் எஸ்ஏஎஸ்எல் சேவையுடன் இணைக்கப் பொதுவான வழிகாட்டி ஒன்றை டெபியனில் பின்பற்றினால், "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்று லாக் சொல்லும். டெர்மினலில் பார்த்தால் கோப்பு கண்முன்னே இருக்கும். சுவருக்குள் இருப்பவருக்கு அந்தப் பாதை வேறு என்பதை ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்குச் சொன்னால்தான் விளங்கும். இரண்டு பத்திகள் போதும்; ஆனால் அந்த இரண்டு பத்திகளும் வேண்டும்.

ஆவணத்தின் பலவீனம் அதன் நகல்கள். அதிகாரபூர்வப் பக்கத்தைத் திருத்திவிடலாம். அதிலிருந்து எடுத்து யாரோ எழுதிய வழிகாட்டியையும், அதிலிருந்து இன்னொருவர் எடுத்ததையும் யார் திருத்துவது? நான் விழுந்த பள்ளம் அப்படிப்பட்ட ஒரு நகலில்தான் இருந்தது. திருத்திய ஆவணமும் மறுபடி கெட்டுப்போகும். இதற்கு ஒரே காப்பு, வழிகாட்டியில் உள்ள கட்டளைகளை ஒரு புதிய மெய்நிகர் இயந்திரத்தில் தானாக ஓட்டி, கடைசியில் ஓர் அஞ்சல் போய்ச் சேர்கிறதா என்று பார்க்கும் சோதனை. ஒருமுறை அமைத்துவிட்டால், எந்த வெளியீட்டில் எந்த வரி செத்தது என்பது அன்றே தெரிந்துவிடும். அமைக்க ஒரு வாரக் கடைசி போதாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

போகிற போக்கில் ஒன்று: வழிகாட்டிகளில் உண்மையான களப்பெயரையும் ஐபி முகவரியையும் எழுதுபவர்களை என்னால் மன்னிக்க முடிவதில்லை. எக்ஸாம்பிள்.காம் போன்ற பெயர்கள் 1999-இலேயே இதற்கென்று ஒதுக்கப்பட்டுவிட்டன. முகவரிகளுக்கு 192.0.2 என்று தொடங்கும் தொகுதி இருக்கிறது. மாற்றாமல் ஒட்டிவிட்டாலும் அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டாது.

நிரலைத் திருத்துவது

என் மனம் சாய்வது இந்தப் பக்கம். ஏனென்றால் நிரல் தரும் எச்சரிக்கை, எந்த நகல் வழிகாட்டியைப் படித்து வந்தவரையும் பிடித்துக்கொள்ளும். மேலே சொன்ன ஹேஷ் குறிச் சிக்கலுக்குப் போஸ்ட்ஃபிக்ஸ் கண்ட தீர்வும் அதுதான். அண்மைப் பதிப்புகளில், அமைப்புகளைக் காட்டவும் மாற்றவும் உதவும் போஸ்ட்கான்ஃப் கட்டளை, மதிப்புக்குப் பின்னால் ஹேஷ் குறியோடு ஏதாவது தொங்கினால் எச்சரிக்கிறது. விதி மாறவில்லை, பழைய கோப்புகள் எதுவும் உடையவில்லை. தவறு நடக்கும் இடத்தில் ஒரு வாக்கியம் முளைத்திருக்கிறது. ஆயிரம் வழிகாட்டிகளைத் தேடித் திருத்துவதற்கு அது சமம்.

நிரலில் திருத்துவதிலும் இரண்டு குணங்கள் உண்டு. ஒப்பிட்டுப் பார்க்கத் தகுந்தவை.

2015-இல் வந்த போஸ்ட்ஃபிக்ஸ் 3.0 பல இயல்புநிலை மதிப்புகளை மாற்றியது. மேலே சொன்ன க்ரூட் மாற்றமும் அவற்றுள் ஒன்று. மாற்றத்தை அப்படியே திணித்திருந்தால் ஓடிக்கொண்டிருந்த சேவையகங்கள் மேம்படுத்திய மறுநாள் காலையில் படுத்திருக்கும். அதனால் "இணக்க நிலை" என்று ஓர் எண்ணை மெயின்.சிஎஃப் கோப்பில் வைத்தார்கள். அந்த எண் இல்லாத பழைய கோப்பைக் கண்டால் போஸ்ட்ஃபிக்ஸ் பழைய குணத்தோடே ஓடும். கூடவே, பழைய இயல்புநிலையில் ஓடுகிறேன், விவரம் இந்தப் பக்கத்தில் இருக்கிறது, இதை நிறுத்த இந்தக் கட்டளையை அடியுங்கள் என்று லாக்கில் எழுதும். நல்ல பிழைச் செய்திக்கு உதாரணம் கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். என்ன நடந்தது, எங்கே படிப்பது, என்ன அடிப்பது என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. ஆவணம் அங்கே நிரலின் வாயிலிருந்தே வருகிறது.

டவ்காட் எடுத்தது வேறு வழி. 2025 ஜனவரியில் வந்த 2.4 பதிப்பு அமைப்புக் கோப்பின் மொழியையே மாற்றிவிட்டது. அஞ்சல் எங்கே சேமிக்கப்படுகிறது என்பதைச் சொல்லும் ஒற்றை அமைப்பு இரண்டு மூன்றாகப் பிரிந்தது. பயனர் பெயரைக் குறித்த ஓரெழுத்துச் சுருக்கங்கள் போய், முழுப்பெயர் மாறிகள் வந்தன. சான்றிதழ்க் கோப்பின் பாதைக்கு முன்னால் போட வேண்டிய சிறிய அம்புக்குறி ஒன்று முன்பு இருந்தது. அதை மறந்து, சான்றிதழுக்குப் பதிலாகப் பாதையையே சான்றிதழாகக் கொடுத்துத் தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் ஏராளம். புதிய அமைப்பில் கோப்பின் பெயரைச் சும்மா எழுதினால் போதும். அதற்கு நான் கைதட்டினேன். கோப்பு எந்தப் பதிப்பின் மொழியில் எழுதப்பட்டது என்று முதல் வரியிலேயே சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் டவ்காட் எழுந்திருக்கவே மறுக்கும்.

விளைவு? பழைய வழிகாட்டிகள் எல்லாம் ஒரே நாளில் காலாவதியாகின. 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13 இந்த 2.4 பதிப்பையே கொண்டுவந்ததால், டெபியனில் பழக்கப்பட்ட கையோடு வழக்கமான வரிகளை ஒட்டியவர்கள் முட்டிக்கொண்டார்கள். ஆனால் முட்டியது தொடக்கத்திலேயே. அரைகுறையாக எழுந்து அஞ்சலைத் தவறான அடைவில் போடுவதைவிட, எழுந்திருக்க மறுப்பது மேல். போஸ்ட்ஃபிக்ஸின் வழி ஓடிக்கொண்டிருப்பவரைக் காக்கிறது. டவ்காட்டின் வழி புதிதாக வருபவருக்கு நாளை தெளிவான மொழியைத் தருகிறது. விலையை இன்று பழையவர்கள் கொடுக்கிறார்கள். ஆளெண்ணிக்கை குறைந்த திட்டங்களுக்கு முதல் வழியையே சொல்வேன். மொழியை மாற்றிவிட்டு ஆவணத்தை முழுதாகத் திரும்ப எழுதும் தெம்பு எல்லாருக்கும் இருக்காது.

நிரல் வழியின் பெரிய குறை காலம். இன்று ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒரு பிழைச் செய்தி, அடுத்த வெளியீட்டில் சேர்ந்து, பிறகு வழங்கல்களில் நுழைந்து, நிலையான வழங்கலை ஓட்டுபவரை அடைய வேண்டும். டெபியன் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் புதிய நிலையான பதிப்பை வெளியிடுகிறது. அதற்குள் எத்தனை பேர் விழுவார்களோ. அதனால்தான் ஆவணத்தை வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. நிரல் திருத்தம் போய்ச் சேரும் வரைக்கும் பள்ளத்தின் மேல் ஒரு பலகை வேண்டும்.

நிரலைத் திருத்தும் இந்த வாசல் மூடியிருந்தால் என்ன ஆகும் என்பதற்குக் க்யூமெயில் என்ற அஞ்சல் சேவையகம் சாட்சி. டேனியல் பெர்ன்ஸ்டைன் 1998-இல் வெளியிட்ட 1.03 பதிப்புக்குப் பிறகு அவர் புதிய பதிப்பு எதையும் விடவில்லை. மாற்றிய மூலத்தைப் பிறர் பரப்பவும் அன்றைய உரிமம் இடம் தரவில்லை. சில ஆண்டுகளில் லினக்ஸின் சி நூலகம் பிழை எண்ணைக் கையாளும் முறை மாறியது. க்யூமெயில் அந்த மாறியைத் தன் கையாலேயே அறிவித்திருந்ததால், புதிய கணினிகளில் அதைத் தொகுக்கவே, அதாவது மூலத்திலிருந்து ஓடும் நிரலாக்கவே, முடியாமல் போனது. தீர்வு ஒரே வரி: உரிய தலைப்புக் கோப்பைச் சேர்த்துக்கொள்வது. அந்த ஒரு வரியை மூலத்தில் வைக்க முடியாததால், உலகிலுள்ள ஒவ்வொரு க்யூமெயில் வழிகாட்டியும் "தொகுக்கும் முன் மூலத்தில் இந்த ஒட்டை (பேட்ச்) போடுங்கள்" என்று எழுத வேண்டியதாயிற்று. பிறகு நெட்க்யூமெயில் என்ற பொதி வந்தது. மாற்றப்படாத 1.03 மூலத்தையும் ஒட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நிறுவுபவரே ஒட்டிக்கொள்ளச் சொன்னது அது. 2007-இல் பெர்ன்ஸ்டைன் க்யூமெயிலைப் பொதுவுடைமை ஆக்கும் வரை, ஒரு வரியை எத்தனை பேர் எத்தனை முறை கையால் சேர்த்தார்களோ! அந்த வழிகாட்டிகள் அருமையாக எழுதப்பட்டவை. அவ்வளவு நல்ல எழுத்து அந்த வேலைக்குச் செலவானதுதான் வருத்தம்.

நிறுவல் ஸ்கிரிப்ட்

நிரலின் மேலே உட்கார்ந்து, சில கேள்விகள் கேட்டு, எல்லாக் கோப்புகளையும் தானே எழுதிவிடும் ஸ்கிரிப்ட். அவசரத்தில் இருப்பவருக்கு இதைவிட இனிமையானது இல்லை. அதனாலேயே எனக்கு இதன்மேல் சந்தேகம் அதிகம். நிரலின் குறையை நிரலில் சொல்லாமல், ஆவணத்திலும் சொல்லாமல், நானூறாவது வரியில் ஒரு நிபந்தனைக்குள் புதைத்துவிடுவதற்கு இது வசதியான இடம். ஸ்கிரிப்ட் ஓடியவருக்குச் சிக்கல் தெரியாது. ஓடாதவருக்குத் தீர்வு தெரியாது.

டெபியனில் எக்ஸிம் என்ற அஞ்சல் சேவையகம் இதற்கு ஒரு மிதமான உதாரணம். நிறுவும்போது கேள்விகள் கேட்டு, பதில்களை ஒரு கோப்பில் வைத்து, பல துண்டுகளிலிருந்து உண்மையான அமைப்புக் கோப்பைப் பிறப்பிக்கிறது. வேலை ஒழுங்காகவே நடக்கிறது. ஆனால் எக்ஸிமின் சொந்தக் கையேடு ஒற்றைக் கோப்பைப் பற்றியே பேசுகிறது. அதைப் படித்துவிட்டு டெபியனில் வந்து நிற்பவர், இல்லாத கோப்பைத் தேடுவார். இங்கே திருத்தத்தை எக்ஸிமுக்கு அனுப்பிப் பயனில்லை, அவர்கள் ஆவணம் சரிதான். டெபியன் பொதியோடு வரும் தனிக் குறிப்புக் கோப்புதான் திருத்த வேண்டிய இடம். யாரிடம் அனுப்புவது என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை.

நியாயமாகச் சொன்னால், நிறுவி மட்டுமே நன்றாகச் செய்யக்கூடிய ஒன்று உண்டு: தொடங்கும் முன் சூழலைச் சோதிப்பது. சேவையகங்கள் தங்களுக்குள் அஞ்சலைப் பரிமாறும் போர்ட் 25-ஐ, வெளியே செல்லும் திசையில், பல மேகச் சேவைகள் இயல்பாகவே அடைத்துவைத்திருக்கின்றன. அங்கே எவ்வளவு அழகாக நிறுவினாலும் அஞ்சல் வாசலைத் தாண்டாது. ஒரே இயந்திரத்தில் முழு அஞ்சல் சேவையகத்தையும் அமைத்துத் தரும் மெயில்-இன்-எ-பாக்ஸ் நிறுவி இதில் முன்மாதிரி. எதையும் பெரிதாக நிறுவும் முன்பே, அந்த இயந்திரத்தின் முகவரி, குப்பை அஞ்சல் அனுப்பும் முகவரிகளைக் குறித்துவைக்கும் ஸ்பாம்ஹவுஸ் கறுப்புப் பட்டியலில் இருக்கிறதா, போர்ட் 25 வழியாக வெளியுலகைத் தொட முடிகிறதா என்று பார்த்து, முடியாவிட்டால் காரணம் சொல்லி நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் கழித்துத் தெரிய வேண்டிய தோல்வி முதல் நிமிடத்திலேயே தெரிகிறது. அதே திட்டம் உபுண்டு என்ற லினக்ஸ் வழங்கலின் ஒரே ஒரு பதிப்பை மட்டும் ஆதரிக்கிறது. கேட்பதற்குக் கறாராகத் தோன்றினாலும், "உங்கள் வழங்கல் இதுவானால் இப்படி, அதுவானால் அப்படி" என்று கிளை விடும் ஆவணத்தின் தலைவலி அத்தனையும் அதனால் இல்லாமல் போகிறது. அடுத்த உபுண்டுவுக்கு மாறும்போது புதிய இயந்திரத்தில் நிறுவிக் காப்புநகலை மீட்டெடுக்க வேண்டும் என்பது அதற்கான வாடகை.

ஆக, ஸ்கிரிப்டில் சோதனையைச் சேர்ப்பதானால் தயங்காமல் சேருங்கள். புதிய வேலையைச் சேர்ப்பதானால் இரண்டு முறை யோசியுங்கள்.

கன்டெய்னர்

மெயில்கவ், மெயிலு, டாக்கர்-மெயில்சர்வர் போன்றவை நிறுவல் சிக்கலின் பெரும் பகுதியை உண்மையாகவே அழித்துவிட்டன. பதிப்புகள் ஒத்துப்போகாத தொல்லை, வழங்கலுக்கு வழங்கல் மாறும் பாதைகள், எல்லாம் கன்டெய்னரின் படத்துக்குள் (இமேஜ்) அடங்கிவிட்டன. ஆனால் வேறு ஆவணம் தேவைப்படுகிறது. இயந்திரத்துக்குப் புதிய வகையான ஐபிவி6 முகவரி இருந்து, கன்டெய்னரின் வலையமைப்பில் பழைய வகையான ஐபிவி4 மட்டும் இருந்தால், ஐபிவி6 வழியாக வரும் இணைப்புகள் எல்லாம், கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கரின் உள்வாசல் முகவரியிலிருந்து வந்ததுபோல் தோன்றக்கூடும். உள் வலையமைப்பை நம்பும்படி அமைத்திருந்தால், உலகமே நம்பிக்கைக்கு உரியதாகிவிடும். உங்கள் சேவையகம் யாருடைய அஞ்சலையும் கடத்தும் திறந்த வாசலாகும். டாக்கர்-மெயில்சர்வர் ஆவணம் இதைப் பற்றி எச்சரிக்கிறது. எச்சரிக்கையைப் படிக்காமல் ஒரே கட்டளையில் எழுப்பிவிட முடியும் என்பதுதான் கன்டெய்னரின் கவர்ச்சியும் ஆபத்தும். ஒரு வழிகாட்டி வரியைத் திருத்தக் கிளம்பியவர் இந்தப் பாதையில் இறங்க வேண்டியதில்லை. புதிய திட்டம் தொடங்குபவர் யோசிக்கட்டும்.

எதை எப்போது

நடைமுறையில் பெரும்பாலான சிக்கல்கள் கலப்பானவை. அஞ்சல் உங்கள் களத்திலிருந்துதான் வந்தது என்று காட்டும் கையெழுத்துக்கான டிகேஐஎம் சாவியைப் பாருங்கள். களப்பெயர்களின் பதிவேடான டிஎன்எஸ்ஸின் டெக்ஸ்ட் பதிவில் ஒரு சரத்துக்கு 255 பைட்டுகளே எல்லை. 2048 பிட் சாவி அதற்குள் அடங்காது. ஓபன்டிகேஐஎம் என்ற நிரல் சாவியை உருவாக்கும்போது அதைத் துண்டுகளாக்கி, மேற்கோள் குறிகளும் அடைப்புக்குறிகளும் போட்டுத் தருகிறது. அது டிஎன்எஸ் சேவையகத்தின் கோப்புக்குப் பொருத்தமான வடிவம். வலைப்பக்கப் பலகையில் நிரப்புபவர் அந்தக் குறிகளையும் சேர்த்து ஒட்டிவிடுவார், அல்லது முதல் துண்டை மட்டும் ஒட்டுவார். அந்தப் பலகை எப்படி இருக்கும் என்பது நிரலுக்குத் தெரியாது. ஆகவே விளக்கம் ஆவணத்தின் வேலை. ஒட்டி முடித்த பிறகு பதிவு சரியா என்பதோ இயந்திரத்துக்குத் தெரியும். ஓபன்டிகேஐஎம்மோடு வரும் சோதனைக் கட்டளை அதைச் சொல்லிவிடும். பல வழிகாட்டிகளில் விளக்கம் இருக்கிறது, அந்தக் கட்டளை இல்லை. ஒரு வரி சேர்த்தால் போதும். 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் அங்கீகாரம் இல்லாத அஞ்சலை முன்பைவிடக் கடுமையாகப் பார்க்கத் தொடங்கிய பிறகு, இந்த ஒரு வரிக்கு மதிப்பு கூடியிருக்கிறது.

எனவே என் வரிசை இதுதான். முதல் மணி நேரத்தை ஆவணத்துக்குக் கொடுங்கள். தடுக்கிய நினைவு ஆறும் முன், என்ன அடித்தீர்கள், என்ன செய்தி வந்தது, எந்தப் பதிப்பு, எந்த வழங்கல் என்று எழுதித் திருத்தத்தை அனுப்பிவிடுங்கள். பிழைச் செய்தியின் சரியான சொற்கள் ஆவணத்தில் இருக்க வேண்டும். அடுத்தவர் அந்தச் சொற்களை அப்படியே தேடித்தான் வரப்போகிறார். உதாரணமாக, ஆல்பைன் லினக்ஸில் பெர்க்லி டிபி என்ற தரவுத்தள நூலகம் நீக்கப்பட்ட பின், பழைய வழிகாட்டிகள் சொல்லும் ஹேஷ் அட்டவணை வகை (ஹேஷ் குறி அல்ல, அந்த நூலகத்தை நம்பிய கோப்பு வகை) ஆதரிக்கப்படவில்லை என்று போஸ்ட்ஃபிக்ஸ் பிழை சொல்லும். எல்எம்டிபி வகைக்கு மாற்றினால் தீரும். அந்தச் செய்தியை எழுத்துக்கு எழுத்து மேற்கோளிட்ட பக்கம்தான் தேடுபவருக்குக் கிடைக்கும். "அட்டவணை வகைகளில் மாற்றங்கள்" என்று தலைப்பிட்ட பக்கம் கிடைக்காது.

மிச்ச நேரம் முழுவதும் நிரலுக்கு. புதிய வசதி எதுவும் வேண்டாம். தொடக்கத்தில் ஒரு சோதனை, அல்லது இருக்கும் பிழைச் செய்தியில் கோப்பின் பெயரும் வரி எண்ணும் சேர்ப்பது, இவ்வளவே. நிரல் எழுதத் தெரியாவிட்டால், செய்தி எப்படி இருந்திருந்தால் உங்களுக்கு உதவியிருக்கும் என்று வாக்கியத்தை எழுதியே அனுப்புங்கள். பராமரிப்பாளருக்கு "குழப்பமாக இருக்கிறது" என்ற புகாரைவிடத் தயாரான வாக்கியம் பிடிக்கும். அந்த மென்பொருளைப் பராமரிப்பவர் பல ஆண்டுகளாகப் பதிலே சொல்லவில்லை என்றால் கணக்கு மாறும். அப்போது ஆவணம்தான் உங்களுக்கு மிஞ்சும் இடம். க்யூமெயில்காரர்கள் செய்ததுபோல ஒட்டையும் பக்கத்தில் வையுங்கள்.

என்னை வீழ்த்திய வழிகாட்டிக்கு வருகிறேன். குறிப்பை ஒரு வரி மேலே நகர்த்தி, ஹேஷ் குறியை வரியின் தொடக்கத்தில் வைத்து அனுப்பினேன். இரண்டு வரி மாற்றம், அடுத்த நாளே ஏற்றார்கள். அதே பழைய வரியைச் சுமந்துகொண்டு இன்னும் மூன்று நகல்கள் இருப்பதைப் பிறகு கண்டேன். ஒன்றின் ஆசிரியரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. போஸ்ட்கான்ஃப் எச்சரிக்கத் தொடங்கிய பிறகு, அவற்றைத் தேடிக்கொண்டு போவதை நிறுத்திவிட்டேன்.